ஆர்டர் எண் 0

"தம்பி, பூஜ்ஜியம் நம்பர்ல ஆர்டர் வருமா?"

2019 தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கையில் ஆச்சி போனில் கேட்டார். நான் காரைக்குடி செக்காலையில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வராது ஆச்சி, ஒண்ணுலேருந்துதான் ஆரம்பிக்கும் என்றேன்.

"அப்ப சென்னையிலேருந்து ஒரு பிள்ளை, என் ஆர்டர் நம்பர் 0, பலகாரம் எப்ப வரும்னு கேக்குதே. காலையில வேற ஒருத்தரும் அதே நம்பரைத்தான் சொன்னாரு. ரெண்டு பேருக்கும் ஒரே நம்பரா?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். கோட்டையூர் தாண்டும் வரை ஆச்சியின் வெப்சைட்டுக்கு நான் எழுதிய கோடைத்தான் (புரோகிராம் வரிகளை) மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயும் பூஜ்ஜியம் கிடைக்கவில்லை.

ஆச்சி வீடு பள்ளத்தூரில். முகப்பும் வளவும் தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போனால் அடுப்பு. தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், மாவுருண்டை எல்லாம் அங்கேதான். அதுவரை போனிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த ஆர்டர்களை வாங்க நான்தான் வெப்சைட் எழுதிக் கொடுத்திருந்தேன். மொழி பிஎச்பி, டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். ஆயத்த ஃபிரேம்வொர்க் எதுவும் கிடையாது, சொந்தமாக எழுதிய நாலைந்து கிளாஸ்கள். வாடிக்கையாளர் பலகாரத்தைத் தேர்ந்தெடுத்து, யுபிஐயில் பணம் போட்டு, பரிவர்த்தனை எண்ணைப் படிவத்தில் இட்டு அனுப்ப வேண்டும். 'உங்கள் ஆர்டர் கிடைத்தது, எண் இன்னது' என்று மெயில் போகும். கேட்பதற்குச் சுத்தமான ஏற்பாடு.

வளவில் ஆத்தங்குடிக் கல் தரையில் பாய் விரித்து, பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு கணக்குப்பிள்ளை ஐயா உட்கார்ந்திருந்தார். ரிட்டயர் ஆகி வெகுநாள் ஆகியும் ஆச்சி வீட்டுக் கணக்கை மட்டும் விடாதவர். "வரவு நாப்பத்தொண்ணு தம்பி. உங்க பட்டியல்ல முப்பத்திரெண்டுதான் இருக்கு. ஒம்போது பேரு காசு குடுத்திருக்காக. எதுக்குக் குடுத்தாகன்னு நம்மகிட்ட இல்ல."

ஒன்பது பேருக்கும் மெயில் போயிருந்தது. ஒன்பது பேருக்கும் எண் 0.

என் லேப்டாப்பில் அதே படிவத்தை இருபது முறை அனுப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒழுங்காக எண் வந்தது. துப்பு கொடுத்தது போனில் பேசிய சென்னைப் பெண்தான். படிவத்தில் என்னென்ன நிரப்பினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோது, வாழ்த்துச் செய்தி என்ற கட்டத்துக்கு வந்ததும், "தீபாவளி வாழ்த்துகள் அப்பத்தான்னு போட்டு, கும்பிடுற கை எமோஜி போட்டேன்" என்றார். சர்வரில் கும்பிடும் கையைப் போட்டு அனுப்பினேன். எண் 0. சிவப்பு இதயத்தைப் போட்டு அனுப்பினேன். எண் 33! கொஞ்ச நேரம் மண்டை காய்ந்துவிட்டது. எமோஜிதான் சிக்கல் என்றால் இதயம் மட்டும் எப்படிப் போகிறது?

விஷயம் பைட் கணக்கில் இருந்தது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு மூன்று பைட். மைஎஸ்க்யூஎல்லில் 'யுடிஎஃப்8' என்ற பெயரில் இருக்கும் பழைய வகை மூன்று பைட் வரைதான் கொள்ளும். அதனால் தமிழ் தடையில்லாமல் போகும். சிவப்பு இதயம் எமோஜிக்கு முந்தைய காலத்துப் பழைய குறி, அதுவும் மூன்று பைட்டுக்குள் அடங்கிவிடும். கும்பிடும் கைக்கு நான்கு பைட் வேண்டும். ஹோஸ்டிங்கில் டேபிள் உருவாக்கியபோது நான் அந்தப் பழைய வகையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். லேப்டாப்பில் இருந்தது மைஎஸ்க்யூஎல் 8, அதில் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் நான்கு பைட் கொள்ளும் 'யுடிஎஃப்8எம்பி4' தானாக வரும். ஹோஸ்டிங்கில் ஓடியது 5.7, கண்டிப்பான முறையில். பொருந்தாத எழுத்து வந்தால் அந்த ஆர்டருக்கான வரிசையையே (டேபிளில் ஒரு பதிவு) உள்ளே விடாது.

டேபிளை மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் எமோஜியைக் குற்றம் சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. டேட்டாபேஸ் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. பிழை எண் 1366, டேபிளின் இந்தக் கட்டத்தில் இந்த எழுத்து செல்லாது என்று ஒவ்வொரு முறையும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. காது கொடுக்காதது என் கோடு. பிஎச்பியில் டேட்டாபேஸோடு பேச உதவும் பிடிஓ, பிஎச்பி 8.0 பதிப்புக்கு முன்பு வரை இயல்பாகவே மௌனமாக இருக்கும். கட்டளையை ஓட்டும் எக்ஸிக்யூட் தோற்றால் ஃபால்ஸ் (பொய்) என்று ஒரு மதிப்பைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். நான் அந்த மதிப்பைப் பார்க்கவே இல்லை. அடுத்த வரி, கடைசியாகச் சேர்ந்த வரிசையின் எண் என்ன என்று கேட்டது. எதுவும் சேரவில்லையே, 0 என்று பதில் வந்தது. அதற்கடுத்த வரி அந்த 0-ஐ மெயிலில் ஒட்டி வாழ்த்தும் சொல்லி அனுப்பிவிட்டது.

பிழை நேர்ந்தால் ஓட்டத்தை நிறுத்தி மேலே தெரிவிக்கும் எக்ஸெப்ஷன் எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பிஎச்பிக்கு ட்ரை (முயன்று பார்), கேட்ச் (பிடி), த்ரோ (வீசு) மூன்றும் 2004-இல் வந்த 5-ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டன. நான் அதற்கப்புறம் வந்தவன்தான். ஆனால் கற்றுக்கொண்டது பழைய பாணியில்: ஃபங்ஷன் தோற்றால் ஃபால்ஸ் தா, கூப்பிட்டவன் பார்த்துக்கொள்வான். கூப்பிட்டவன் பார்க்க மாட்டான். கூப்பிட்டவனும் நானாகவே இருந்தும் பார்க்கவில்லையே. எக்ஸெப்ஷனைத் த்ரோ செய்தால் அடுத்த வரி ஓடாது. பிடிக்க ஆள் இருக்கும் இடம் வரை ஒவ்வொரு ஃபங்ஷனாக மேலே ஏறிப் போகும், யாருமே இல்லையென்றால் பக்கம் அப்படியே நின்றுவிடும். அன்றைக்குப் பக்கம் நின்றிருந்தால் முதல் ஆளோடு தெரிந்திருக்கும், ஒன்பது வரை போயிருக்காது.

பிடிஓவை எக்ஸெப்ஷன் முறைக்கு மாற்றினேன். கனெக்ஷன் எடுக்கும் இடத்தில் ஒரே ஒரு வரி. இன்றும் 7-ஆம் பதிப்பில் ஓடும் பழைய கோடு யாரிடமாவது இருந்தால் முதலில் அந்த ஒரு வரியைத் தேடிப் பார்க்கச் சொல்வேன். 8.0-இலிருந்து அதுவே இயல்பு. பிடிஓவுக்குப் பதில் 'மைஎஸ்க்யூஎல்ஐ' (mysqli) என்ற இன்னொரு இணைப்பு வசதியைப் பயன்படுத்துபவர்களுக்கு 8.1-இலிருந்து. ஜேசன் என்ற தரவு வடிவத்தைப் பிரிக்கும் ஃபங்ஷன் மட்டும் இன்றுவரை கெட்ட ஜேசனுக்கு 'நல்' (null, வெற்று மதிப்பு) என்று கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். 7.3-இல் வந்த கொடியை (flag) நாமே ஏற்றினால்தான் அது எக்ஸெப்ஷன் த்ரோ செய்யும்.

இதோடு பாடம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் ஹோஸ்டிங்கில் டேட்டாபேஸ் சற்று நேரம் படுத்தது. யாரும் பிடிக்காத எக்ஸெப்ஷன் நேரே திரைக்கு வந்தது. கோப்பு எங்கே இருக்கிறது, எந்த வரி, டேட்டாபேஸ் யூசர் பெயர், அதற்கும் மேலே பாஸ்வேர்ட்! கனெக்ஷன் எடுக்கும் ஃபங்ஷனுக்குக் கொடுத்த மதிப்புகள் ட்ரேஸில் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியலில்) அப்படியே அச்சாகியிருந்தன. ஆச்சி பேரன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கே அனுப்பி, "அண்ணே, இது என்ன?" என்று கேட்டான். பாஸ்வேர்டை மாற்றினேன், திரையில் பிழை காட்டுவதை நிறுத்தினேன். பிஎச்பி 8.2-இலிருந்து பிடிஓ அந்த மதிப்பை மறைத்துவிடுகிறது. அன்று அந்த வசதி இல்லை.

பயத்தில் அதற்கு மேலும் ஒரு வேலை பார்த்தேன். டேட்டாபேஸைத் தொடும் ஒவ்வொரு மெத்தடையும் ட்ரைக்குள் போட்டு, கேட்சில் ஒன்றும் எழுதாமல் ஃபால்ஸ் என்று திருப்பிவிட்டேன். எம்சிஏ படிக்கும்போது ஜாவா லேபில் ஒட்டிய பழக்கம். ஜாவாவில் சில எக்ஸெப்ஷன்களைப் பிடிக்கவும் செய்யாமல், மேலே போகும் என்று அறிவிக்கவும் செய்யாமல் விட்டால் கம்பைலரே விடாது. மணி அடிப்பதற்குள் முடிக்க, வெற்றுக் கேட்ச் ஒன்றைப் போட்டுக் கம்பைலர் வாயை அடைப்போம். அதையே கடைக்கும் செய்துவிட்டேன். எக்ஸெப்ஷனைக் கொண்டுவந்து, அதைப் பிடித்துப் பழைய ஃபால்ஸாகவே மாற்றி, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்திருந்தேன்.

2020 பொங்கலுக்கு முன் அது வெடித்தது. சீப்புச் சீடை இருப்பு இரண்டு டின். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மூன்று கேட்டார். இருப்புப் போதாது என்று என் கோடு சரியாகவே எக்ஸெப்ஷன் த்ரோ செய்தது. ஆனால் வெறும் 'எக்ஸெப்ஷன்' கிளாஸில்தான். மேலே இருந்த கேட்சுக்கு அதுவும் டேட்டாபேஸ் படுத்ததும் ஒன்றுதான். 'சர்வர் பிழை, மீண்டும் முயலவும்' என்றது. அவர் முயன்றார். பணம் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மறுபடி யுபிஐயில் போட்டார். மறுபடி அதே செய்தி. மூன்று முறை பணம் கட்டிய பிறகுதான் போன் செய்தார். மரியாதையாகவே பேசினார், அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

ஐயாவிடம் இதை விளக்க வேண்டியிருந்தது. கேட்ச் என்றால் என்ன, ஏன் எல்லாப் பிழையும் ஒரே செய்தியானது என்று முடிந்தவரை தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க அனாமத்து எழுதுறதில்லையா தம்பி?" என்றார்.

அனாமத்து தெரியாத தலைமுறைக்காக: காசு வந்திருக்கும், யார் கணக்கில் வரவு வைப்பது என்று தெரியாது. அதைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் கணக்கு அனாமத்து. தெரிந்த பிறகு உரிய பேரில் மாற்றுவார்கள். ஐயா சொன்னதை ஏறக்குறைய அப்படியே தருகிறேன்: "எந்தப் பேருன்னு தெரியாட்டி அனாமத்துல எழுதணும். தேதி, தொகை, யாரு கொண்டாந்தா, எல்லாம் எழுதணும். எழுதாம விட்டா அது திருட்டுக்குச் சமானம். அதுக்காகத் தெரிஞ்ச வரவையும் அனாமத்துல தள்ளுனா அவன் கணக்குப்பிள்ளையே இல்ல. ஐந்தொகை போடறதுக்கு முன்னாடி அனாமத்தைத் தீர்க்கணும்."

அந்தச் சில வாக்கியங்களிலேயே என் கோடில் இருந்த மூன்று தப்பும் வந்துவிட்டன. வெற்றுக் கேட்ச் என்பது எழுதாமல் விட்டது. தெரிந்த பிழையையும் பொது 'எக்ஸெப்ஷன்' கிளாஸில் த்ரோ செய்தது, தெரிந்த வரவை அனாமத்தில் தள்ளியது. தீர்ப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை, பிழைகள் பதிவாகும் லாக் கோப்பை நான் திறந்தே பார்த்ததில்லை.

அன்றிரவு உட்கார்ந்து திருப்பி எழுதினேன். முதலில் பேர் வைத்தேன். கடைக்கென்று 'கடைப்பிழை' என்று ஒரு அடிப்படை கிளாஸ், ரன்டைம்எக்ஸெப்ஷனிலிருந்து பிறந்தது. அதன் பிள்ளைகள் 'இருப்பில்லை', 'அனுப்பமுடியாஇடம்', 'பணம்பொருந்தவில்லை'. ஆமாம், தமிழிலேயே. பிஎச்பி கிளாஸ் பெயரில் தமிழ் எழுத்து செல்லும். சென்னையில் இருக்கும் நண்பன் பார்த்துவிட்டுச் சிரித்தான். சிரிக்கட்டும். லாகில் 'இருப்பில்லை' என்று வருவதை ஆச்சி பேரனும் படித்துவிடுகிறான். ஒரு எச்சரிக்கை மட்டும்: கோப்புப் பெயரையும் தமிழில் வைத்து ஜிப்பாகச் சர்வரில் ஏற்றினேன், பெயர்கள் கந்தலாகி, கிளாஸ் கோப்பைத் தானாக ஏற்றும் ஆட்டோலோட் படுத்துக்கொண்டது. கோப்புப் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

பேரைவிட முக்கியமானது அதற்குள் என்ன வைக்கிறோம் என்பது. எக்ஸெப்ஷனும் ஒரு ஆப்ஜெக்ட்தான் என்பதை அதுவரை நான் மனதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. செய்தி என்ற ஒரு வரி எழுத்தைச் சுமக்கும் மூட்டையாகத்தான் பார்த்தேன். இப்போது 'இருப்பில்லை' உருவாகும்போதே எந்தப் பலகாரம், கேட்டது எத்தனை, இருப்பது எத்தனை என்று மூன்றையும் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கிக்கொள்கிறது. பக்கம் அதைப் பிடித்து, 'சீப்புச் சீடை 2 டின்தான் இருக்கிறது, இரண்டாக மாற்றிக்கொள்ளவா?' என்று கேட்கிறது. பிழைச் செய்தியைப் பிய்த்து எண்ணைத் தேட வேண்டியதில்லை. ஹெச்டிடிபி எண்ணும் அப்படித்தான் பிரிந்தது. இருப்புப் போதாவிட்டால் 409, இல்லாத பலகாரப் பக்கம் என்றால் 404, எங்களுக்கே தெரியாதது 500. அதற்கு முன் தோற்றாலும் ஜெயித்தாலும் 200 என்றே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கூடவே வேலை நடக்கும் வரிசையையும் மாற்றினேன். இப்போது ஆர்டரை முதலில் எழுதி, இருப்பை ஒதுக்கி, அதற்குப் பிறகுதான் பணம் கட்டும் பக்கம். இதை எந்த எக்ஸெப்ஷனும் எனக்குச் சொல்லித் தராது. கோயம்புத்தூர்க்காரர்தான் சொன்னார்.

உருவாக்குவதில் ஒரு பொறி இருக்கிறது, அதில் நான் இரண்டு நாள் சிக்கிக் கிடந்தேன். எக்ஸெப்ஷன்களை எல்லாம் ஒரே இடத்தில் தயாரிக்கலாமே என்று 'பிழைப்பட்டறை' என்று ஒரு கிளாஸ் எழுதி, அது செய்து கொடுக்கும் ஆப்ஜெக்ட்டை மற்ற இடங்களில் த்ரோ செய்தேன். அதன்பின் லாகில் எந்தப் பிழை வந்தாலும் கோப்பு பிழைப்பட்டறை, வரி 41. எல்லாமே 41! காரணம், பிஎச்பி கோப்பையும் வரியையும் குறித்துக்கொள்வது ஆப்ஜெக்ட் பிறக்கும் இடத்தில், த்ரோ செய்யும் இடத்தில் இல்லை. ட்ரேஸைக் கீழே படித்தால் கூப்பிட்ட இடம் கிடைக்கும், ஆனால் அவசரத்தில் முதல் வரியைத்தான் எவனும் பார்ப்பான். பட்டறையை மூடிவிட்டேன். பிழை நடக்கும் வரியிலேயே நியூ (புது ஆப்ஜெக்ட்), அதே வரியில் த்ரோ. இதில் ஒரு நல்லதும் உண்டு. பிடித்த அதே ஆப்ஜெக்ட்டைத் திரும்ப த்ரோ செய்தாலும் பிறந்த இடம் மாறாது.

அந்த நல்லதை ஆர்டர் எழுதும் இடத்தில் பயன்படுத்துகிறேன். டிரான்ஸாக்ஷன் தொடங்கி, ஆர்டர், அதன் பொருள்கள், இருப்புக் குறைப்பு மூன்றும் நடக்கும். நடுவில் எது தோற்றாலும் கேட்சில் ரோல்பேக் (அதுவரை செய்ததைத் திரும்பப் பெறுவது), உடனே அதே எக்ஸெப்ஷனை மேலே த்ரோ. அந்தக் கேட்சுக்கு வேறு வேலை இல்லை. வாடிக்கையாளருக்கு என்ன சொல்வது என்பது பக்கத்துக்குத்தான் தெரியும், டேட்டாபேஸ் கிளாஸுக்குத் தெரியாது. டேட்டாபேஸ் பிழையைக் கடைப்பிழையாக மாற்றித் த்ரோ செய்ய வேண்டி வந்தால் கன்ஸ்ட்ரக்டரின் மூன்றாவது இடத்தில் மூல எக்ஸெப்ஷனையும் கோர்த்துவிடுகிறேன். அதை விட்டால் 1366 போன்ற மூலக்காரணம் அங்கேயே அற்றுப்போகும். எது நடந்தாலும் கடைசியில் ஓடும் ஃபைனலி பகுதிக்குள் மட்டும் ரிட்டர்ன் எழுதிவிடாதீர்கள். மேலே போய்க்கொண்டிருக்கும் எக்ஸெப்ஷனைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

நேம்ஸ்பேஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன், இது நிறையப் பேரைக் கடித்திருக்கும். 'கடை' என்ற நேம்ஸ்பேஸுக்குள் (கிளாஸ் பெயர்களுக்கான தனி வட்டாரம்) கேட்ச் எக்ஸெப்ஷன் என்று எழுதியிருந்தேன். முன்னால் பின்சாய்வுக் கோடு போடவில்லை. பிஎச்பி அதைக் கடைக்குள் இருக்கும் எக்ஸெப்ஷன் என்று எடுத்துக்கொண்டது. அப்படி ஒரு கிளாஸே கிடையாது. ஆனாலும் கேட்சில் இல்லாத கிளாஸை எழுதினால் பிஎச்பி முணுமுணுக்காது. எதையும் பிடிக்காத ஒரு கேட்ச் மாதக்கணக்கில் காவல்காரன் வேஷத்தில் நின்றது. அதைத் திருத்திய பிறகும் ஒன்று நழுவியது, அது டைப்எரர் (மதிப்பின் வகை பொருந்தாத பிழை). 2015 டிசம்பரில் வந்த 7-ஆம் பதிப்பு முதல் எரர் என்பது தனிக் கிளை, எக்ஸெப்ஷனின் பிள்ளை இல்லை. இரண்டுக்கும் பொதுவாக மேலே இருப்பது த்ரோவபிள். ஆகவே எல்லாவற்றுக்கும் மேலே, முகப்பில் நிற்கும் ஒரே ஒரு கேட்ச் மட்டும் த்ரோவபிளைப் பிடிக்கும். உள்ளே இருப்பவை எல்லாம் பேர் சொல்லித்தான் பிடிக்க வேண்டும். முகப்பில் நிற்பதற்குத்தான் அனாமத்து என்று பேர் வைத்தேன். தேதி, நேரம், எந்தப் பக்கம், முழு ட்ரேஸ் எல்லாம் எழுதிக்கொள்ளும். வாடிக்கையாளரிடம் ஒரு குறிப்பு எண்ணை மட்டும் கொடுக்கும்.

எதற்கெடுத்தாலும் எக்ஸெப்ஷன் த்ரோ செய்யும் கட்டமும் நடுவில் வந்தது. பின்கோடில் ஐந்து இலக்கம் அடித்தால் த்ரோ, பெயர் காலியாக இருந்தால் த்ரோ. முதல் பிழையிலேயே ஓட்டம் நின்றுவிடுமே, பாவம் வாடிக்கையாளர் ஒவ்வொரு கட்டமாகத் திருத்தித் திருத்தி அனுப்ப வேண்டியிருந்தது. ஆச்சி தங்கச்சி ஒருவர் தேவகோட்டையிலிருந்து, "ஒரே தடவையில சொல்லித் தொலைய மாட்டானா?" என்று கேட்டாராம். மனுஷன் படிவத்தில் தப்பு செய்வது தினம் நடப்பது. அதைச் சாதாரண இஃப் போட்டுப் பட்டியலாகச் சேர்த்து ஒன்றாகக் காட்டுவதே நல்லது. படிவத்தைத் தாண்டி உள்ளே வந்த பிறகும் பின்கோடு ஐந்து இலக்கமாக இருந்தால், அது என் தப்பு, அப்போது த்ரோ. இதில் பலருக்கு வேறு கருத்து இருக்கும். நான் ஆச்சி தங்கச்சி பக்கம்.

இப்போது சாயங்காலம் ஆறு மணிக்கு அனாமத்து லாகின் சுருக்கம் ஐயா போனுக்குப் போகிறது. பெரும்பாலும் காலிதான். ஏதாவது இருந்தால், "தம்பி, அனாமத்துல ஒண்ணு நிக்குது" என்று கூப்பிடுவார். அடுத்த நாளுக்குள் அதற்கு ஒரு பேர் வைத்துக் கிளாஸ் எழுதுவேன், அல்லது கோடைத் திருத்துவேன். மறந்துபோனால் மறுநாளும் கூப்பிடுவார்.

2019-இன் ஒன்பது பேரில் எட்டுப் பேர் தாங்களே போன் செய்தார்கள். என்ன கேட்டார்கள் என்று விசாரித்து, ஆளுக்கொரு பொட்டலம் மாவுருண்டை கூடுதலாக வைத்து அனுப்பினார் ஆச்சி. ஒருவர் மட்டும் கூப்பிடவே இல்லை. ஸ்டேட்மென்ட்டில் பேருக்குப் பதில் முதலெழுத்தும் சில எண்களும்தான் இருக்கின்றன. 640 ரூபாய். ஐயா அதை ஒவ்வொரு வருஷமும் புது நோட்டில் அனாமத்து என்று முதல் வரியாக எழுதிக்கொண்டு வருகிறார்.